ஸ்கேன் நார்மல்தான், சனிக்கிழமை மேட்ச் ஆடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, எடை 45 கிலோ. ஏற்காட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஐந்து நாளுக்கு முன் ஃபுட்பால் பயிற்சியில், கார்னர் பந்துக்கு எம்பியபோது இன்னொரு பையனின் தலையோடு மோதி விழுந்தான். மயக்கம் போடவில்லை. எழுந்ததும் “ஸ்கோர் என்ன?” என்று மூன்று முறை கேட்டானாம். சேலத்துக்கு அழைத்து வரும் வழியில் ஒருமுறை வாந்தி எடுத்தான். மலைப்பாதையில் அவனுக்கு எப்போதும் வாந்தி வரும் என்பதால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சி.டி. ஸ்கேன் நார்மல். அன்று இரவு முழுக்க அவனுடைய பாட்டி தூங்கவே விடவில்லை. இப்போது நன்றாக இருக்கிறான். படிக்க உட்கார்ந்தால் மட்டும் தலை வலிக்கிறது என்கிறான். வருகிற சனிக்கிழமை மேட்ச். “ஸ்கேன்தான் நார்மலாச்சே” என்கிறார் பி.டி. சார். ஆட விடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இந்தச் சனிக்கிழமையும் வேண்டாம், அடுத்த சனிக்கிழமையும் வேண்டாம்.

மண்டை ஓட்டில் விரிசல் இருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன். அவை இல்லை என்பது நிம்மதியான செய்தி. ஆனால் உங்கள் மகனுக்கு வந்திருப்பது கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி. அது ஸ்கேனில் தெரியாது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டான் பாருங்கள், அதுவே போதுமான அடையாளம். மயக்கம் போட்டால்தான் மூளையில் அடி என்று பலர் நினைக்கிறார்கள். கன்கஷன் வந்தவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட மயக்கம் வருவதில்லை.

தலை மோதி சட்டென்று நிற்கும்போது உள்ளே மூளை குலுங்குகிறது. நரம்பு செல்களில் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி, கால்சியம் உள்ளே புகுந்துவிடுகிறது. இதைச் சரிசெய்ய செல்லுக்கு ஏராளமான சக்தி வேண்டும்; அதே சமயத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைந்து போகிறது. செலவு கூடி வரவு குறைந்த வீட்டின் கதைதான். பாடப் புத்தகத்தைத் திறந்தாலே தலை வலிப்பது அதனால்தான். இந்த நிலையில் மைதானத்தில் இறங்கினால் பந்தைக் கணிப்பதும் ஒதுங்குவதும் ஒரு நொடி தாமதமாகும். அடுத்த அடி விழ அந்த ஒரு நொடி போதும். முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால், அது லேசானதாக இருந்தாலும், அபூர்வமாக மூளை வேகமாக வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 20 வயதுக்குக் குறைந்தவர்கள்.

அந்த வாந்தியைப் பற்றி ஒரு வார்த்தை. சேலம் – ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல வயிறே புரளும். ஆனாலும் தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தால் பழியை வளைவுகள் மேல் போடாதீர்கள். வாந்தி மறுபடி வந்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், எழுப்பினால் சரியாக எழாமல் சொக்கினால், பேச்சு குழறினால், வலிப்பு வந்தால், கை கால் மரத்துப் போனாலோ பலம் குறைந்தாலோ, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால், கழுத்து எலும்பில் வலித்தால், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிந்தால் நேராக அவசர சிகிச்சைதான். மலைமேல் இருப்பவர்கள் “காலையில் பார்க்கலாம்” என்று காத்திருக்கக் கூடாது. இரவில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் அந்தப் பாதையில் ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாகிவிடும். முதல் அறிகுறியிலேயே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பாட்டி பயத்தில் செய்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு தூங்கவிடுவதுதான் வைத்தியம். முதல் இரவு பெரியவர் ஒருவர் அதே அறையில் படுத்தால் போதும். நெற்றியில் தைலம் தடவினால் தவறில்லை. கழுத்தில் சுளுக்கு எடுக்க மட்டும் எங்கும் கூட்டிப் போகாதீர்கள். தலைவலிக்கு பாராசிட்டமால் 500, ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் நான்கைத் தாண்டாமல். அதுவும் முதல் இரண்டு மூன்று நாளுக்குத்தான். முதல் இரண்டு நாள் இபுபுரோஃபென், ஆஸ்பிரின் வகைகள் வேண்டாம்; உள்ளே ஏதாவது கசிவு இருந்தால் அதைக் கூட்டிவிடும்.

இருட்டறையில் படுக்க வைத்தால் சீக்கிரம் குணமாகும் என்பதும் பழைய நம்பிக்கை. முதல் 24 முதல் 48 மணி நேரம் செல்போனைக் குறைத்து, வீட்டோடு இருந்தால் போதும். அது முடிந்துவிட்டது. இனி 20 நிமிடம் படிக்கட்டும், பத்து நிமிடம் விடட்டும். பள்ளிக்கு முதலில் அரை நாள். முழு நாள் வகுப்பில் தலைவலி இல்லாமல் உட்கார முடிந்த பிறகுதான் மற்ற பையன்களோடு பந்து.

நாளை முதல் நடக்கலாம். ஏற்காட்டில் சிக்கல் என்னவென்றால், எந்தத் தெருவில் நடந்தாலும் ஏற்றம். ஏற்றத்தில் நாடித்துடிப்பு தெரியாமல் எகிறிவிடும். ஏரியைச் சுற்றி சமமான பகுதியாகப் பார்த்து 20 நிமிடம் நடக்கட்டும். நின்றதும் கழுத்தில் இரண்டு விரல் வைத்து 15 நொடி எண்ணட்டும்: 28-ஐத் தாண்டக் கூடாது. ஒரு நாள் விட்டு வேகத்தைக் கூட்டலாம். அப்போது உச்சவரம்பு 36. பிறகு தனியாக ஓடுவது, பந்தை உருட்டிக்கொண்டு திரும்புவது; தலையால் முட்டுவது கிடையாது. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள். தொடங்குமுன் “தலைவலி பத்துக்கு எவ்வளவு?” என்று கேளுங்கள், முடிந்ததும் கேளுங்கள். இரண்டு புள்ளி வரை ஏறி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் குறைவாகச் செய்ய வேண்டும். மாத்திரை போட்ட நாளில் இந்தக் கணக்கு எடுபடாது. “வலிக்குதா?” என்று மட்டும் கேட்டால், ஆட ஆசைப்படும் பையன் “இல்லை” என்றுதான் சொல்வான்.

ஓடியும் தலைவலி வராத நிலையில் மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். அவர் சரி என்றால் அணியோடு மோதல் இல்லாத பாஸிங் பயிற்சி. பிரிட்டனில் 2023-இல் வந்த வழிகாட்டுதலை நான் இங்கும் பின்பற்றச் சொல்வேன்: எந்தத் தொந்தரவும் இல்லாமல் 14 நாள் கழிந்த பிறகே மோதல் உள்ள பயிற்சி, மேட்ச் என்றால் அடிபட்டதிலிருந்து 21 நாளாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டும் நிறைவேற வேண்டும். நான்கு வாரம் தாண்டியும் தலைவலி, எரிச்சல், தூக்கக் கோளாறு இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

பி.டி. சாருக்கு: விழுந்தவன் தலையைப் பிடித்தபடி மெதுவாக எழுந்தாலோ, வெறித்துப் பார்த்தாலோ, தள்ளாடினாலோ வெளியே எடுங்கள். “இது எந்த கிரவுண்டு? முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசி கோல் யார் போட்டது? போன மேட்ச் யாரோடு?” ஒன்றுக்குத் தவறாகச் சொன்னாலும் அன்று அவன் ஆட்டம் முடிந்தது. எல்லாம் சரியாகச் சொன்னாலும் சந்தேகம் இருந்தால் உட்கார வையுங்கள். சிலருக்கு அறிகுறிகள் மறுநாள்தான் வரும். முகத்தில் தண்ணீர் அடித்து, குளுக்கோஸ் கொடுத்து மறுபடி இறக்குவதுதான் எங்கும் நடக்கும் தவறு. கழுத்து வலி என்றால் கையைப் பிடித்துத் தூக்காமல், தலையை அசையாமல் பிடித்தபடி ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள்.

ஃபுட்பாலில் கன்கஷன் அதிகம் வருவது உயரப் பந்துக்கு எம்பும்போது தலையும் தலையும், தலையும் முழங்கையும் மோதுவதால்தான். ஆனால் பந்தையும் கவனிக்க வேண்டும். ஐந்தாம் சைஸ் பந்தின் எடை 410 முதல் 450 கிராம். விதிப்படி காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம். சைக்கிள் கடையில் கல் மாதிரி அடித்துக் கொண்டுவருவார்கள், யாரும் அளப்பதில்லை. ஹெட்டிங் (தலையால் முட்டும்) பயிற்சிக்கு 9 பி.எஸ்.ஐ. அளவில் நிறுத்தினால் தலை வாங்கும் அடி குறையும்.

தலைப்பட்டை வாங்கித் தரலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தோல் கிழிவதை அது ஓரளவு தடுக்கும். மூளை குலுங்குவதைத் தடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. அந்தப் பணத்துக்கு ஊசி வைத்த பிரஷர் கேஜ் ஒன்று வாங்கி பி.டி. சாரிடம் கொடுங்கள்.