பதிகம் ஓதலாம், புலம்பவும் செய்யலாம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கணவருக்கு வேலை போய் ஏழு மாதம். நகைக்கடன் வட்டி ஏறிக்கொண்டே போகிறது. ஆளுக்கொரு பதிகம் சொல்கிறார்கள். தினமும் ஆறு பதிகம் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. எதைத்தான் படிப்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஐந்தை நிறுத்திவிடுங்கள், ஒன்று போதும். திருவீழிமிழலையில் சம்பந்தர் பாடிய 'வாசி தீரவே காசு நல்குவீர்' உங்கள் நிலைக்குப் பொருந்தும். பஞ்ச காலத்தில் அடியார்களுக்குச் சோறிட அவருக்கும் அப்பருக்கும் அங்கே நாள்தோறும் ஆளுக்கொரு காசு கிடைத்தது என்கிறது பெரியபுராணம். அப்பர் மடத்தில் உலை சீக்கிரம் கொதித்தது. சம்பந்தர் மடத்தில் மட்டும் சாப்பாடு தாமதம். காரணம் கேட்டால், "உங்கள் காசுக்குக் கடையில் வாசி கேட்கிறார்கள்" என்றார்கள் சமையல்காரர்கள். வாசி என்றால் மாற்றுக் குறைந்த காசுக்குப் பிடிக்கும் கழிவு. (மூச்சுப் பயிற்சியில் வரும் வாசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அரிசி வாங்கப் போன இடத்தில் வந்த சிக்கலை அப்படியே சாமி முன் வைக்கிற பாட்டு இது.

மொத்தம் 11 பாட்டு, எல்லாமே குட்டி. நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் ஒரே இருப்பில் இரண்டு முறை ஓதுங்கள்: முதல் முறை பொருள் புரியச் சொல் பிரித்து, இரண்டாம் முறை பாட்டாக. முதல் மூன்று நாள் ஓதுவார் பாடிய ஒலிப்பதிவைக் கேட்டு, கூடவே முணுமுணுத்தால் போதும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நகைக்கடன் அட்டையில் கெடு தேதி இருக்கும். ஏல நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல், தேதிக்கு முன்பே போய் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: அம்மா படுக்கையில் விழுந்து ஒரு வருடம். விளக்கேற்றி உட்கார்ந்தால் பாட்டு வருவதில்லை, சாமியைத் திட்டத்தான் தோன்றுகிறது. இது பாவமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை. அப்பர் பாடிய முதல் பதிகமே புலம்பல்தான். பண்ருட்டிக்குப் பக்கத்தில் உள்ள திருவதிகையில், சூலை நோய் குடலைச் சுருட்டி முடக்கும்போது பாடியது: 'கூற்றாயினவாறு விலக்ககலீர்'. அதில் 'ஆற்றேன் அடியேன்' என்கிறார். தாங்க முடியவில்லை என்பதை அவரே ஒளிக்கவில்லை. சம்பந்தர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தந்தையின் வேள்விக்குப் பொருள் கேட்ட திருவாவடுதுறைப் பதிகத்தில், 'இதுவோ எமை ஆளுமாறு? ஈவதொன்று எமக்கில்லையேல் அதுவோ உனது இன்னருள்?' என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். நீங்கள் திட்டுவதை இதைவிட நறுக்கென்று திட்ட முடியாது.

ஆகவே உட்கார்ந்ததும் முதலில் உங்கள் வாயால் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லித் தீர்த்துவிடுங்கள். பிறகு 'கூற்றாயினவாறு' பத்துப் பாட்டையும் எடுங்கள். பதம் பிரித்து அச்சிட்ட புத்தகமாகப் பாருங்கள். கூற்று, ஆயின, ஆறு என்று பிரிந்தால்தான் 'ஆறு' நதி இல்லை, 'விதம்' என்பது தெரியும். ஒரு பாட்டு முடிந்ததும் ஒரு மூச்சு நிறுத்துங்கள். பத்துப் பாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆக வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிந்தால் சொற்களை விழுங்குகிறீர்கள், மனம் ஓடுவதும் அப்போதுதான். முடியாத நாளில் ஒரே ஒரு பாட்டு ஓதினாலும் கணக்குத்தான்.

கேள்வி: 48 நாள் என்று ஆரம்பித்தேன். 19ஆம் நாள் விட்டுப்போனது. மாதவிலக்கு நாட்கள் வேறு. மறுபடி முதலிலிருந்தா?
– வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். மூன்று நாள் விட்டிருந்தால் கடைசியில் மூன்று நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். பூஜையறைக்குள் போவது உங்கள் வீட்டு வழக்கப்படி. வாயால் ஓதுவதற்குத் தடை இல்லை. 'துஞ்சலும் துஞ்சல் இலாத போழ்தினும்' என்று தூக்கத்தையும் விழிப்பையும் சேர்த்தே பாடியவர் சம்பந்தர்.

கேள்வி: மகன் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டான். அறையை விட்டு வருவதில்லை, "இருந்து என்ன பயன்" என்கிறான். நமச்சிவாயப் பதிகத்தை ஓதச் சொல்லலாமா?
– பெற்றோர், மதுரை

பதில்: இன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று அவனிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. கொஞ்சம் தெளிந்ததும், மருத்துவர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஓதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து 'சொற்றுணை வேதியன்' என்று தொடங்கும் அந்தப் பதிகத்தை நீங்கள் ஓதுங்கள், அவன் காதில் விழட்டும். அப்பரின் அக்கா திலகவதியார் செய்தது இதுதான். சமண சமயத்துக்குப் போன தம்பி நோயோடு திரும்பி வந்தபோது, ஏன் போனாய் என்று அவர் குடையவில்லை. திருநீறு கொடுத்தார். விடியுமுன் துடைப்பம், மெழுகும் சாணம், தோண்டி எடுத்துக்கொண்டு தாம் வழக்கமாகப் போகும் கோயில் வேலைக்கு அவரையும் கூட்டிப்போனார்.

கேள்வி: கோளறு பதிகம் படிக்கும்போது நவக்கிரகத்தைச் சுற்ற வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: தேவையில்லை. மதுரைக்குக் கிளம்பிய சம்பந்தரை, கோள்நிலை சரியில்லை என்று அப்பர் தடுத்தபோது திருமறைக்காட்டில் (வேதாரண்யம்) பாடியது அது. பாட்டு முழுக்கச் சிவன் மேல்தான். முதல் பாட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். 11 பாட்டையும் ஓதுங்கள்.

கேள்வி: எனக்குப் பாட வராது, உட்காரவும் பொறுமை இல்லை. வேறு வழி?
– வாசகர், திருச்சி

பதில்: உழவாரப்பணி, அதாவது கோயிலில் புல் செதுக்கிச் சுத்தம் செய்யும் தொண்டு. முதல் பதிலில் சொன்ன திருவீழிமிழலைக் கதையில் அப்பர் காசுக்கு வாசி பிடிக்காததற்கு, பெரியபுராணம் பாடிய சேக்கிழார் சொல்லும் காரணமே அவருடைய கைத்தொண்டுதான். பக்கத்துக் கோயில் அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். கையுறை, களைக்கொத்து, துடைப்பம், குடிக்கத் தண்ணீர் போதும். காலை 6 முதல் 9 வரை பிராகாரத்துப் புல்லைச் செதுக்குங்கள். சிற்பத்தின் மேல் கம்பித் தூரிகை, ஆசிட் படக் கூடாது. மதிலில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள். வேர் சுவருக்குள் ஓடியிருக்கும், செங்கல்லும் சேர்ந்து பெயரும். அடியோடு ஒட்ட அறுத்துவிட்டு, எந்த இடம் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.