அமெரிக்காவின் டெக்சஸில் 'கவுண்டி ஜட்ஜ்' (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) என்பவர் நீதிபதியா, நிர்வாகியா? அன்றாடம் என்ன செய்கிறார்?

பெரிய கவுண்டிகளில் அவர் பெரும்பாலும் நிர்வாகிதான். டெக்சஸில் 254 கவுண்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜட்ஜும் 4 கமிஷனர்களும் 4 ஆண்டுகளுக்குத் தேர்வாகி, 'கமிஷனர்ஸ் கோர்ட்' என்று கூடுவார்கள். பெயரில்தான் கோர்ட், அங்கே பேசுவது பட்ஜெட், சொத்துவரி விகிதம், ஒப்பந்தங்கள். ஜட்ஜ் அதற்குத் தலைமை வகிப்பார். வெள்ளமோ புயலோ வந்தால் உள்ளூர்ப் பேரிடர் நிலையை அறிவிப்பவரும் அவரே. வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. சிறிய கவுண்டிகளில் உயில் விவகாரம், சிறு வழக்குகளையும் விசாரிப்பார். கமிஷனர்களுக்குத் தத்தம் பகுதிச் சாலையும் பாலமும் முக்கிய வேலை.

அப்புறம், திருமண உரிமம், சொத்துப் பத்திரப் பதிவுக்கு கவுண்டி கிளார்க், வண்டிப் பதிவுக்கு வரி அலுவலர், சிறைக்கு ஷெரிஃப். இவர்களும் மக்கள் ஓட்டில் வந்தவர்கள் என்பதால், ஜட்ஜ் நினைத்தாலும் நீக்க முடியாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.