கொடுவாள் என்றால் கொடிய வாளா?

கேள்வி (பென்னாகரம்): எங்கள் பக்கம் அரிவாளைக் கொடுவாள் என்போம். கொடிய வாள் என்பதால் வந்த பெயரா?

இல்லவே இல்லை. ‘கொடு’ என்றால் வளைந்தது. வளைந்த வாள் கொடுவாள், அவ்வளவுதான். நேராக நிற்பது செங்கோல், வளைந்துபோனது கொடுங்கோல் என்கிறோமே, அங்கேயும் இதே ‘கொடு’தான். நேர்மை தவறிய நடத்தையை வளைவாகப் பார்த்ததால்தான் ‘கொடுமை’க்கு இன்றைய பொருள் வந்தது. ஓசூர், தளி பக்கம் கன்னடம் பேசுகிறவர்களிடம் கதிரறுக்கும் அரிவாளைக் காட்டிப் பெயர் கேளுங்கள், ‘குடுகோலு’ என்பார்கள். தெலுங்கில் அது ‘கொடவலி’. மூன்றிலும் முதலில் நிற்பது அந்த வளைவுதான். ஒரே சந்தையில் மூன்று மொழி காதில் விழும் ஊர்கள் நம்முடையவை. சொல்லுக்கு உறவு தேட, அகராதியைத் திறக்கும் முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். எனக்குப் பல முறை அங்கேதான் விடை கிடைத்தது.

கேள்வி (காரிமங்கலம்): பிள்ளைகள் ‘அருவா’ என்கிறார்கள். திருத்தலாமா?

எழுதும்போது மட்டும் திருத்துங்கள். அரிதல் என்றால் அறுத்தல். அரிகிற வாள் அரிவாள். அடுத்து வரும் வகரத்துக்கு உதடு தயாராகும்போதே இகரம் உகரமாகிவிடுகிறது. பிடி ‘புடி’ ஆவதும் வீடு ‘வூடு’ ஆவதும் இந்த உதட்டு வேலைதான். ‘அவள்’ பேச்சில் ‘அவ’ ஆகிறதே, அதுபோலக் கடைசி ளகரமும் உதிர்ந்துவிடும். பேச்சு அதன் வழியில் போகட்டும்.

கேள்வி (அரூர்): ‘வாள்’ என்பதற்கு வேறு பொருள் உண்டா?

உண்டு. ஒளி என்றும் பொருள். ஒளிரும் நெற்றி உடையவளைப் பழம் புலவர்கள் ‘வாணுதல்’ என்றார்கள், அதாவது வாள் + நுதல். மரம் அறுக்கும் ரம்பத்துக்கும் வாள் என்ற பெயர் உண்டு.

கேள்வி (பர்கூர்): நம் பக்கம் இரும்பு எவ்வளவு பழையது?

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 2172 என 2022இல் தமிழக அரசு அறிவித்தது. நான்காயிரம் ஆண்டுக்கும் மேல்!

கேள்வி (பாலக்கோடு): கருக்கு அரிவாளில் ‘கருக்கு’ என்ன?

பனைமட்டையின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். அந்தப் பல்வரிசைக்குத்தான் கருக்கு என்று பெயர். அரிவாளின் வாயிலும் அதே மாதிரி பல் வெட்டியிருப்பதால் இந்தப் பெயர். ராகித் தாளைக் கையில் பிடித்து இழுத்தால் பல் பற்றிக்கொள்ளும், வழுக்காது. பல் மழுங்கினால் சாணை பிடிக்கக் கொடுத்துவிடாதீர்கள், இருக்கிற பல்லும் தேய்ந்துவிடும். கொல்லுப்பட்டறையில் கொடுத்துப் புதிதாகக் கருக்கு வெட்டி வாங்குங்கள்.