எலெக்ட்ரிக் பேலட் டிரக் விபத்துகள்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: சரக்கு அடுக்கிய பலகையைத் (பேலட்) தூக்கிக்கொண்டு போக, நடந்தபடி ஓட்டும் வண்டிதானே, இதில் என்ன பெரிய ஆபத்து?

பதில்: வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர் போலத்தான். ஆனால் 2 டன் சரக்கோடு வரும்போது எலும்பை உடைக்க அதுவே போதும். அடிபடுவது பெரும்பாலும் ஓட்டுபவர்தான். வண்டியைத் தன் பக்கம் வரவிட்டுப் பின்னால் நகரும்போது சக்கரம் பாதத்தில் ஏறும், இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால் ரேக் இருப்பதைக் கவனிக்காமல் நடுவில் மாட்டிக்கொள்வார். கைப்பிடி முனையில் பெரிய பட்டன் ஒன்று இருக்கிறதே, அது வயிற்றில் பட்டால் வண்டி உங்களை விட்டு விலகிப் போக வேண்டும். ஷிஃப்ட் தொடங்கும்போதே, காலியான இடத்தில், உள்ளங்கையால் அழுத்திச் சோதியுங்கள்.

கேள்வி: கைப்பிடியை விட்டாலும் வண்டி கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கிறது. இன்றைய லோடை முடித்துவிட்டுச் சொல்லலாமா?

பதில்: கூடாது. சாவியை எடுங்கள், ‘ஓட்டாதே’ அட்டையை மாட்டுங்கள். பழுது பார்ப்பவரிடம் அந்த வயிற்றுப் பட்டனையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இரும்பு முனை ஷூ போட்டால் சக்கரம் ஏறும்போது தகடு மடங்கி விரலையே வெட்டிவிடுமாமே?

பதில்: தரச்சான்று பெற்ற பாதுகாப்பு ஷூவின் முனை 15 கிலோநியூட்டன் அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும், அதாவது ஏறக்குறைய ஒன்றரை டன். அதையே நசுக்கும் பாரம் சாதாரணச் செருப்புக்குள் இருக்கும் விரலை விட்டுவைக்குமா?

கேள்வி: எங்கள் சூப்பர்வைசரே அப்படித்தான் சொல்கிறார், நேரில் பார்த்தாராம்.

பதில்: விரல் நசுங்கியதைப் பார்த்திருப்பார். ஷூ இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பார்த்தாரா? உண்மையான குறை வேறு: அந்தத் தகடு விரல்களை மட்டுமே மூடும், புறங்காலும் கணுக்காலும் வெளியேதான். ஷூ இருக்கிறதே என்று காலை நீட்டி வண்டியை நிறுத்தப் பார்ப்பவரை அது காப்பாற்றாது.

கேள்வி: நேற்று பாதத்தில் ஏறிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஆனால் வலி கூடிக்கொண்டே போகிறது, விரல் மரத்துவிட்டது.

பதில்: இப்போதே அவசர சிகிச்சைக்குப் போங்கள். நசுங்கிய தசை வீங்கினால் உள்ளே அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைபடலாம், சில மணி நேரத்தில் தசை செத்துப்போகும். எக்ஸ்ரே இதைக் காட்டாது. இறுக்கமான கட்டு இருந்தால் தளர்த்துங்கள்.

கேள்வி: இழப்பீடு எவ்வளவு வரும்?

பதில்: அது வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது.

கேள்வி: ரிவர்ஸில் வரும்போது எங்கே நிற்பது?

பதில்: இதைக் கேட்பவர்களில் நீங்கள் நான்காவது பேர். பக்கவாட்டில், நேர் எதிரே அல்ல. மற்றதெல்லாம் முதல் பதிலில் இருக்கிறது, பட்டன் உட்பட.