ஒரு தொடரின் எபிசோடைப் பற்றிய உங்கள் கருத்தை விமர்சகரின் எழுத்து மாற்றியதுண்டா?

ஒரு முறை அடியோடு மாற்றியிருக்கிறது. 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொடரின் மூன்றாவது சீசனில் பத்தாவது எபிசோட், பெயர் 'ஃபிளை', அதாவது ஈ. தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கதையின் முக்கியமான இடங்களைத் தொடாமல் இதை எழுத முடியாது.

2014-ல் நானும் என் அறைத் தோழனும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் தினம் இரண்டு எபிசோட் பார்ப்போம். அந்தச் சீசனின் ஏழாவது எபிசோடில், வண்டி நிறுத்துமிடத்தில் போதைப்பொருள் தடுப்பு அதிகாரி ஹாங்க் மீது நடக்கும் தாக்குதலைப் பார்த்துவிட்டு இருவருக்கும் தூக்கமே வரவில்லை. அந்த வேகத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தால், பத்தாவது எபிசோடில் இரண்டே பேர், ஒரு ஆய்வுக்கூடம், ஒரு ஈ. சலவைத் தொழிற்சாலைக்கு அடியில் போதைப்பொருள் தயாரிக்கும் அந்த இடத்துக்குள் ஈ ஒன்று புகுந்துவிடுகிறது. அதை அடிக்காமல் வேலையைத் தொடங்க மாட்டேன் என்று, புற்றுநோய் வந்த பிறகு இந்தத் தொழிலில் இறங்கிய வேதியியல் ஆசிரியர் வால்டர் ஒயிட் அடம்பிடிக்கிறார். "ஈ ஓட்டுறதுக்கு ஒரு எபிசோடாடா?" என்று தோழன் பாதியிலேயே போய்ப் படுத்துவிட்டான். நான் கடைசிவரை பார்த்தேன். எனக்கும் அதே கோபம்தான். பார்வையாளர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்தில் 10-க்கு 5 போட்டேன்.

அந்தக் கோபத்தில் நான் தனியாள் இல்லை. மொத்தம் 62 எபிசோடுகளில் பார்வையாளர் மதிப்பெண்ணில் கடைசியில் நிற்பது அதுதான். ஆனால் மறுநாள் விமர்சனங்களைத் தேடிப் படித்தபோது, விமர்சகர்களில் பலர் அதைத் தொடரின் மிகச் சிறந்த எபிசோடுகளில் ஒன்றாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே எபிசோடைத்தான் பார்த்தோமா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

முதலில் காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீசனில் செலவு கையை மீறிப் போயிருந்தது. தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே இதைச் சொல்லியிருக்கிறார். வெளியிடங்களுக்குப் போகாமல், ஏற்கெனவே போட்ட செட்டுக்குள், குறைந்த நடிகர்களை வைத்து எடுத்து முடிப்பதை அமெரிக்க டிவி உலகில் 'பாட்டில் எபிசோட்' என்பார்கள். இது அப்படிப் பிறந்ததுதான். "காசில்லாமல் ஒப்பேற்றிவிட்டார்கள்" என்று பார்வையாளர்கள் சொன்னதில் பாதி உண்மை உண்டு.

மீதிப் பாதியை எனக்குக் காட்டியது ஒரு விமர்சனத்தில் இருந்த ஒரே ஒரு பத்தி. வால்டர் எந்த இரவைப் பற்றிப் பேசுகிறார் என்று கவனித்தீர்களா என்று அது கேட்டது. நான் கவனிக்கவில்லை. கூட வேலை செய்யும் இளைஞன் ஜெஸ்ஸி காபியில் தூக்க மாத்திரை கலந்து கொடுத்த பிறகு, அரை மயக்கத்தில் வால்டர் பேசத் தொடங்குகிறார். தான் தேவைக்கு மேல் வாழ்ந்துவிட்டதாகவும், சாவதற்குச் சரியான தருணம் ஒன்று இருந்து அதைத் தவறவிட்டுவிட்டதாகவும் சொல்கிறார். வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்து அறையில் மனைவி ஸ்கைலர் கைக்குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுவது கேட்கிறது. அந்த நொடியோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்கிறார். அதே இரவில்தான் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பி ஜெஸ்ஸியின் வீட்டுக்குப் போனார். ஜெஸ்ஸியின் காதலி ஜேன் தூக்கத்தில் வாந்தி அடைத்து மூச்சுத் திணறியதை, காப்பாற்ற முடிந்தும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

படித்ததும் எபிசோடை மறுபடி போட்டேன். ஈயை அடிக்க ஜெஸ்ஸி ஏணியின் உச்சியில் ஆடிக்கொண்டு நிற்கிறான். கீழே ஏணியைப் பிடித்திருக்கும் வால்டர், ஜேன் விஷயத்தில் தனக்கு வருத்தம் என்கிறார். அதற்கு மேல் ஒரு சொல் வந்தாலும் உண்மை வெளியே வந்துவிடும். முதல் தடவை கொட்டாவி விட்டுக்கொண்டு பார்த்த அதே காட்சியை இந்தத் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். காட்சியில் ஒன்றும் மாறவில்லை, எதைப் பயந்து பார்க்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

இதற்காக விமர்சகர் பாராட்டும் எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டுவதில்லை. 2019-ல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசனில் 82 நிமிடம் ஓடும் இரவுப் போர் எபிசோட் வந்ததே, 55 இரவுகள் படம்பிடித்தது. அதன் பிரம்மாண்டத்தைப் புகழ்ந்து எவ்வளவோ படித்தேன். என் வீட்டு டிவியில் அந்த இருட்டில் யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை. தவறு படப்பிடிப்பில் இல்லை, மக்கள் பார்க்கிற விதத்தில்தான் என்கிற மாதிரி ஒளிப்பதிவாளர் பதில் சொன்னதை நான் இன்றுவரை ஏற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததை எந்த விமர்சனமும் தெரியவைக்க முடியாது. 'ஃபிளை'யில் எல்லாம் திரையிலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

சரி, கதை இதோடு முடியவில்லை. ஐந்தாவது சீசனில் 'ஒஸிமாண்டியஸ்' வருகிறது. ஐஎம்டிபி-யில் 10-க்கு 10 வாங்கிய எபிசோட். கொலைகாரக் கும்பல் ஜெஸ்ஸியை இழுத்துப்போகும் முன், ஜேன் சாவதை நின்று பார்த்தேன், காப்பாற்றியிருக்கலாம், செய்யவில்லை என்று வால்டர் அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். ஏணிக்குக் கீழே நின்று விழுங்கிய அதே உண்மையைத்தான் இங்கே வேண்டுமென்றே அவனை நோகடிக்க எடுத்து வீசுகிறார். அதை இயக்கியவர் ரயன் ஜான்சன், எழுதியவர் மொய்ரா வாலி-பெக்கெட். 2010-ல் 'ஃபிளை'யை இயக்கியவரும் ரயன் ஜான்சன்தான். எழுதிய இருவரில் ஒருவர் அதே மொய்ரா, இன்னொருவர் சாம் கேட்லின். ரசிகர்கள் கடைசியில் தள்ளியதும் உச்சியில் வைத்ததும் ஒரே கைகளில் இருந்து வந்தவை.

'ஒஸிமாண்டியஸ்' முடிந்ததும் தோழன் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் அவனிடம் ஏணிக் காட்சியைப் பற்றிச் சொன்னேன். மணி ஒன்றரை. "அந்த ஈ எபிசோடை முதல்ல இருந்து போடு" என்றான்.