அப்பா பூசிய பச்சை

அன்புள்ள சார்,

மாதிரி விமானங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, 48-இல் ஒரு பங்கு அளவில் ஒரு மிக்-21எஃப்எல் போர் விமான மாதிரியை ஒட்ட ஆரம்பித்தேன். அப்பாவுக்காக. விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடல்பகுதியைப் பராமரிப்பவராக இருந்தவர் அவர். 1971 போரின்போது குவாஹாட்டியில் இருந்தார்.

காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் ஒன்று வாங்கி வெள்ளி நிறம் அடித்தேன். அன்று நல்ல மழை. காலையில் பார்த்தால் இறக்கையெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுப்படங்களான டெக்கால்களின் ஓரம் தாள் ஒட்டியதுபோல் மின்னுகிறது. சக்கரத்தில் நிறுத்தினால் வாலில் உட்கார்ந்துவிடுகிறது. இதெல்லாம் போகட்டும். அப்பா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஏரோப்ளேன் வெள்ளியா இல்லையே. சண்டை வர்றப்போ நாங்களே பிரஷ்ஷால பச்சை அடிச்சோமே" என்றார். எல்லாவற்றையும் கரைத்து எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கட்டுமா?

ஒரு வாசகர், தாம்பரம்

அன்புள்ள நண்பருக்கு,

கரைக்காதீர்கள். அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியம், டப்பாவில் வந்த வண்ணக் குறிப்பைவிட மேலானது.

மிக்-21 நம் விமானப்படைக்கு 1963-இல் வந்தது. எஃப்எல் வகையை நாசிக்கில் அரசு விமான நிறுவனமான ஹெச்ஏஎல் தயாரித்தது. உயரத்தில் பறந்து எதிரி விமானத்தை மறிப்பதுதான் அதன் முதல் வேலை என்பதால், வெறும் உலோக நிறத்திலேயே இருந்தது. 1971-இல் நிலைமை வேறு. திறந்த தளத்தில் வெயிலில் மின்னும் விமானம், மேலிருந்து வருகிறவனுக்கு எளிதான இலக்கு. அதனால் அவசர அவசரமாக, அந்தந்த ஸ்குவாட்ரனே தன் விமானங்களுக்கு வண்ணம் பூசியது. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம். அந்த வேலையைக் கையால் செய்த ஒருவர் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

உண்மையான விமானம் எந்த வரிசையில் நிறம் பெற்றதோ, அதே வரிசையில் உங்கள் மாதிரியும் போகட்டும். முதலில் வெள்ளி, அதன்மேல் பச்சை. பூத்துப்போனது பற்றிக் கவலை வேண்டாம். லாக்கர் பெயின்டைக் கரைக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிகிறது. ஐப்பசி மழையில் சென்னைப் பக்கம் லாக்கர் அடித்தால் இதுதான் கதி. வெயில் வரும் நாளில் அதே வெள்ளியை இன்னொரு மெல்லிய பூச்சாக அடித்தால் போதும். அப்புறம் இரண்டு நாள் முழுதாகக் காயவிட்டு, பளபளப்பான, நிறமற்ற கிளியர் வார்னிஷ் ஒரு கோட்.

பச்சையை ஏர்பிரஷ்ஷால் அடிக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 செ.மீ. அகல பெயின்ட் பிரஷ், 48-இல் ஒரு பங்கில் ஏறத்தாழ 1 மி.மீ. ஆகிறது. அந்த அகலத்தில் ஒரு தட்டைத் தூரிகை எடுங்கள். நீரில் கரையும் அக்ரிலிக் பச்சையைச் சற்றே நீர்க்கக் கலந்து, அப்பா எந்தத் திசையில் இழுத்திருப்பாரோ அந்தத் திசையில் இழுங்கள். தூரிகைத் தடம் தெரியட்டும். வேறு எந்த ஜெட்டிலும் அதைக் குறை என்பேன். இங்கே அதுதான் சரி. அரை மணி நேரத்துக்குள் ஈரமான பழைய டூத்பிரஷ்ஷால் சில இடங்களில் மெல்லத் தேய்த்தால், அடியிலுள்ள வெள்ளி எட்டிப்பார்க்கும். எந்த இடங்களில் என்பதை நான் சொல்லக்கூடாது. எங்கே கால் வைத்து ஏறுவீர்கள், எந்த மூடியைத் தினமும் கழற்றுவீர்கள் என்று அவரைக் கேளுங்கள். பச்சை தேய்ந்திருக்க வேண்டியது அங்கேதான்.

மூக்குக் கூம்பில் வெள்ளி அடித்திருந்தால் அதை மட்டும் மாற்றிவிடுங்கள். ராடார் அதற்குள் இருக்கிறது. கூம்பு உலோகமாக இருந்தால் அலை வெளியே போகாது. கண்ணாடி மூடியைத் திறந்து வைப்பதானால், எஃப்எல்லில் அது ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். பின்னால் வந்த வகைகளில் பக்கவாட்டில் திறக்கும்.

டெக்கால் மின்னுவது உள்ளே சிக்கிய காற்றால். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அப்படித்தான் ஆகும். ஊசியால் நாலைந்து இடத்தில் குத்தி, டெக்காலை இளக்கும் திரவத்தைத் தொட்டு வையுங்கள், படிந்துவிடும்.

வாலில் உட்காராமல் இருக்க மூக்கில் எடை வேண்டும். மூக்குக் கூம்பைப் பெயர்த்துவிட்டு, தூண்டில் ஈயக்குண்டுகளை அரால்டைட் வைத்து உள்ளே ஒட்டுங்கள். வெள்ளைப் பசை மட்டும் கூடவே கூடாது. ஈயம் அதோடு வினைபுரிந்து மெல்ல மெல்ல உப்பி, சில வருடங்களில் உடலையே பிளந்துவிடும். நான் செய்த ஒரு நல்ல நேட் போர் விமான மாதிரி அப்படித்தான் போயிற்று. இன்றும் வருத்தம்தான்.

இறக்கைக்கு அடியில் என்ன மாட்டப் போகிறீர்கள்? 1971 டிசம்பர் 14 அன்று டாக்காவில் கவர்னர் மாளிகையைத் தாக்கிய மிக்-21கள் 57 மி.மீ. ராக்கெட்டுகளால் தாக்கின. ராக்கெட்டுகளை அடைத்து இறக்கைக்கு அடியில் மாட்டும் ஒரு குடுவையில் 16. உங்கள் டப்பாவில் அந்தக் குடுவைகள் இருந்தால், ஏவுகணையை விட்டுவிட்டு அவற்றையே மாட்டுங்கள்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விடைபெற்றபோது, எத்தனையோ விமானிகளின் பேட்டிகளைப் படித்தேன். கீழே நின்று வண்ணம் பூசியவர்களின் குரல் அவற்றில் அவ்வளவாக இல்லை. அதனால் எனக்காகவும் அப்பாவிடம் சிலவற்றைக் கேளுங்கள். அந்தப் பெயின்ட் எங்கிருந்து வந்தது? ஒரு விமானத்துக்கு எத்தனை பேர், எவ்வளவு நேரம்? தேசியச் சின்னத்தைச் சுற்றி விட்டுப் பூசினார்களா, மேலேயே பூசிவிட்டு மறுபடி வரைந்தார்களா? அவர் சொல்லும் வார்த்தைகளிலேயே எழுதி அனுப்புங்கள்.

பச்சையைக் கலக்கும்போது ஒரு பழைய தட்டில் மூன்று நான்கு விதமாகக் கலந்து அவர்முன் வையுங்கள். எது என்று அவர் விரல் வைத்துக் காட்டட்டும்.