இரைப்பைப் புற்றுநோயும் மெத்திலேஷனும்: நம்ம பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

திசு ஆய்வகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால், பயாப்சி ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையதுதான்.

பாளையங்கோட்டைத் தம்பி: அண்ணாச்சி, மெத்திலேஷன்னா மரபணு கெட்டுப்போறதா?

கெட்டுப்போவதில்லை தம்பி, மூடிக்கொள்கிறது. டி.என்.ஏ.வில் சைட்டோசின் என்கிற எழுத்தின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதிப்பொருள் ஒட்டுகிறது. மரபணு தொடங்கும் இடத்தில் இது நெருக்கமாக ஒட்டிவிட்டால் அந்த மரபணு வேலை செய்யாது. சரக்கெல்லாம் உள்ளே அப்படியே இருக்க, ஷட்டரை இழுத்துப் பூட்டின கடை மாதிரி. உடம்பு தன் தேவைக்காக இதை எப்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறது. இரைப்பைப் புற்றில் பூட்டப்படுவது காவல் காக்கும் மரபணுக்கள் என்பதுதான் சிக்கல். செல்களைச் சேர்த்துப் பிடிக்கிற சி.டி.எச்.1, செல் பெருகுவதைத் தடுக்கிற பி16, டி.என்.ஏ. நகலெடுக்கும்போது வரும் பிழையைத் திருத்துகிற எம்.எல்.எச்.1, இப்படி.

வள்ளியூரிலிருந்து ஒரு தங்கச்சி: அம்மாவுக்கு இரைப்பையில எச். பைலோரி கிருமி இருக்குன்னு சொல்லிட்டாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா அண்ணாச்சி?

நிறைய உண்டும்மா, இதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டது. ஜப்பானில் 2006-ல் வெளியான ஆய்வில், புற்றுநோய் இல்லாத, ஆனால் கிருமி உள்ளவர்களின் இரைப்பைச் சவ்வைப் பார்த்தார்கள். கிருமி இல்லாதவர்களை விட மெத்திலேஷன், இடத்தைப் பொறுத்து, 5 மடங்கிலிருந்து 300 மடங்கு வரை கூட இருந்தது. அதாவது புற்று வருவதற்கு ரொம்ப முன்னாலேயே பூட்டுப் போடும் வேலை தொடங்கிவிடுகிறது. அப்புறம் ஜெர்பில் என்கிற எலி வகையில் சோதித்தார்கள். கிருமியை அப்படியே விட்டுவிட்டு, அது உண்டாக்கும் அழற்சியை மட்டும் மருந்தால் அடக்கினாலே மெத்திலேஷன் குறைந்தது. ஆக, கிருமி தூண்டிவிடுகிற நாள்பட்ட அழற்சிதான் இதைச் செய்கிறது.

கிருமியை ஒழித்தால் மெத்திலேஷன் ஓரளவு இறங்கும், முழுசாகப் பழைய நிலைக்கு வராது. அதனால்தான் சீக்கிரம் ஒழிப்பது நல்லது. கொரியாவில் இரைப்பைப் புற்று நோயாளிகளின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களைச் சுமார் 9 வருஷம் கவனித்ததில், கிருமிக்கு மருந்து எடுத்தவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் இரைப்பைப் புற்று வந்தது. அம்மாவை மாத்திரையைப் பாதியில் நிறுத்த விடாதீர்கள். முடித்து குறைந்தது 4 வாரம் கழித்து, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து கிருமி போய்விட்டதா என்று பார்க்கணும்.

உவரி பக்கத்து அண்ணன்: கருவாட்டை விட்டுரணுமா?

அடியோடு விட வேண்டாம், தினசரி வேண்டாம். உப்பில் ஊறின பண்டங்கள் இரைப்பைச் சவ்வைப் புண்ணாக்கும், கிருமியும் சேர்ந்தால் ஆபத்து கூடும். பீடி, சிகரெட்டை மட்டும் அடியோடு விடுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: மாமாவுக்கு 68 வயசு. ரிப்போர்ட்டில் 'எம்.எல்.எச்.1 லாஸ்' என்று இருக்கிறது. பிள்ளைகளுக்கும் வருமா?

பயப்படாதீங்க. இந்த வயதில் இரைப்பைக் கட்டியில் எம்.எல்.எச்.1 காணாமல் போவது பெரும்பாலும் மெத்திலேஷனால்தான், பரம்பரையால் அல்ல. கட்டித் திசுவிலேயே அதைச் சோதித்து உறுதி செய்யலாம். சின்ன வயதில் வந்திருந்தாலோ, குடும்பத்தில் குடல், கருப்பைப் புற்று இருந்தாலோ மரபியல் ஆலோசனை கட்டாயம்.

சிகிச்சைக்கு 'எம்.எல்.எச்.1 லாஸ்' என்ற இந்த ஒரு வரி ரொம்ப முக்கியம். திருத்தும் மரபணு மூடினதும் கட்டியில் பிழைகள் குவிந்து, நம் எதிர்ப்புச் செல்களின் கண்ணுக்கு அது அன்னியமாகத் தெரியத் தொடங்கும். இதை எம்.எஸ்.ஐ. வகை என்பார்கள். 2014-ல் அமெரிக்கக் குழு 295 கட்டிகளை ஆராய்ந்ததில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இந்த வகை. நம் எதிர்ப்புச் செல்களையே கட்டி மேல் ஏவிவிடுகிற, பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் இவர்களிடம் நன்றாக வேலை செய்கின்றன, வழக்கமான கீமோவின் பலனோ குறைவாகவே தெரிகிறது. விலை அதிகம்தான், மறுக்கவில்லை. அதனால் ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டி, கீமோ தொடங்குவதற்கு முன்பே இந்த வரியைப் பற்றி நேரடியாகக் கேளுங்கள். எம்.எல்.எச்.1 பரிசோதனையே செய்யாதவர்கள் செய்யச் சொல்லிக் கேளுங்கள், பழைய பயாப்சித் திசுவே போதும்.

சங்கரன்கோவில் அக்கா: பூட்டினதைத் திறக்க மருந்து கிடையாதா?

அசாசிடிடின், டெசிடபின் இரண்டும் மெத்திலேஷனைக் குறைக்கும் மருந்துகள்தான் அக்கா. ஆனால் அவை எலும்பு மஜ்ஜை நோய்க்கும் சில ரத்தப் புற்றுகளுக்கும் அனுமதி பெற்றவை. இரைப்பைக்கு ஆராய்ச்சி அளவில்தான் இருக்கின்றன. எந்தப் பூட்டைத் திறப்பது என்று அவை பிரித்துப் பார்ப்பதில்லை, மூடியே இருக்க வேண்டியவையும் திறந்துகொள்ளலாம். மெத்திலேஷனைச் சரிபண்ணும் என்று சத்து மாத்திரை விற்கிறார்கள், அதற்குக் காசைக் கொட்டாதீர்கள்.

கல்லிடைக்குறிச்சித் தம்பி: எப்போ எண்டோஸ்கோப்பி பார்க்கணும்?

கறுப்பாக மலம் போனால், காரணமில்லாமல் எடை இறங்கினால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், வாந்தி நிற்காமல் இருந்தால், ரத்தசோகை இருந்தால், தள்ளிப்போடாமல் பாருங்கள். அறுபதை நெருங்கினவருக்குப் புதிதாக நெஞ்செரிச்சல் தொடங்கினாலும் பார்ப்பது நல்லது. கேஸ் மாத்திரையை மாசக்கணக்கில் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.